பெட்டியில் பத்து, அடுப்பில் மூன்று



தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பு சிவகாசிக் கடைத்தெருவில் நடந்து பார்த்திருக்கிறீர்களா? பட்டாசுக் கடைகளில் நிற்பது பெரும்பாலும் வெளியூர்க் கூட்டம். உள்ளூர்க்காரர்கள் நெரிவது ஜவுளிக்கடையிலும் பாத்திரக்கடையிலும்தான். எங்கள் பக்கத்தில் தொழிற்சாலையை யாரும் தொழிற்சாலை என்று சொல்வதில்லை. தீப்பெட்டி ஆபீஸ், பட்டாசு ஆபீஸ் என்றுதான் பேச்சு. ஆபீஸில் போனஸ் போட்ட மறுநாள் சாயங்காலம் பாத்திரக்கடைக்குள் கால் வைக்க இடம் இருக்காது.

போன தீபாவளிக்கு அப்படி ஒரு கடையில் நானும் நின்றேன். என் பக்கத்தில் ஒரு அம்மா, கல்லூரியில் படிக்கும் மகளோடு. அவர்கள் முன்னால் ஒரு பெரிய அட்டைப்பெட்டி. ‘பத்து பீஸ் குக்வேர் செட்’. பெட்டியின் மேல் படம் அவ்வளவு அழகு. மகளுக்கு அதை விட மனசில்லை. கடைக்காரர் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். சாஸ்பேன், ஃப்ரைபேன், கண்ணாடி மூடி, இன்னொரு கண்ணாடி மூடி, மரக்கரண்டி இரண்டு. எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்துவிட்டு அந்த அம்மா கேட்டார்:

“அண்ணாச்சி, இதுல தூக்கு எது?”

“செட்டுல தூக்கு வராதும்மா. அது தனி.”

“காலைல நாலு மணிக்கு எந்திரிச்சு ஆக்குறேன். மத்தியானம் ஆபீஸ்ல வச்சுத்தான் சாப்பிடுறோம். தூக்கு இல்லாத செட்டு எனக்கு எதுக்கு அண்ணாச்சி?”

இந்த மாதப் பக்கம் முழுவதையும் அந்த ஒரு கேள்விக்காகத்தான் எழுதுகிறேன்.

செட் என்பது என்ன? எந்த ஊரிலோ, யாரோ ஒருவர் மனதில் ஒரு சமையலறையை நினைத்துக்கொண்டு அடுக்கிய பாத்திரங்கள். அந்தச் சமையலறையில் புளிக்குழம்பு கொதிக்கிறதா, கம்மங்கஞ்சி காய்கிறதா, ஞாயிற்றுக்கிழமை கறி வேகிறதா என்று அவருக்குத் தெரியாது. நமக்குத் தெரியும். பெட்டியில் பத்து இருந்தாலும் தினமும் அடுப்பில் ஏறுவது மூன்றோ நாலோதான். மிச்சம் பரணுக்குப் போகும்.

எனக்குக் கல்யாணத்துக்கு வந்த செட்டும் அப்படித்தான் போனது. ஏழு பீஸ் நான்ஸ்டிக். அதில் தோசைத் தவா மட்டும் தினமும் இறங்கியது. சில வருஷத்திலேயே நடுவில் உரிய ஆரம்பித்தது. கறுப்பாகத் துணுக்குத் துணுக்காகத் தோசையின் அடியில் ஒட்டிக்கொண்டு வந்ததை என் மகன் காட்டிய பிறகுதான் கவனித்தேன். அத்தனை நாள் அதைச் சாப்பிட்டிருக்கிறோமே என்று அன்றைக்கு முழுவதும் மனசு ஆறவில்லை. அம்மா விருதுநகரிலிருந்து பஸ்ஸில் கொண்டுவந்து கொடுத்த இரும்புக் கல்தான் அதன் பிறகு, இன்றுவரை.

எந்த வேலைக்கு எந்த உலோகம் என்று எங்கள் பகுதி மக்களுக்குச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. பட்டாசு ஆபீஸில் மருந்து இருக்கும் அறைக்குள் இரும்புக் கருவி போகக் கூடாது. உரசினால் பொறி பறக்கும். மரம், பித்தளை, செம்பு இவைதான் உள்ளே. இரும்பு உறுதியானது, மலிவானது. ஆனாலும் அந்த அறைக்கு அது வேண்டாம். இவ்வளவு கவனமாக உலோகம் பார்க்கிற கைகள், வீட்டு அடுப்புக்கு மட்டும் பெட்டியில் இருக்கும் படத்தைப் பார்த்து வாங்கலாமா? அதுவும் சிவகாசியில்? ஒரு படத்தை அச்சில் எப்படிப் பளபளக்க வைப்பது என்று நம் ஊரைவிட வேறு யாருக்குத் தெரியும்!

முதலில் தூக்கிலிருந்தே தொடங்குகிறேன், அந்த அம்மாவைப் போல.

என் பெரியம்மா சிவகாசிப் பக்கம் ஒரு கிராமத்தில் இருந்தார். பட்டாசு ஆபீஸ் வேலை. விடிவதற்குள் சோறு வடித்து, குழம்பு கூட்டி, ஆபீஸ் பஸ் வருவதற்குள் தூக்குச்சட்டியில் அடைத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். அலுமினியத் தூக்கு. பள்ளி விடுமுறைக்குப் போகும்போது அதைக் கழுவி வைப்பது என் வேலை. ஒன்றைக் கவனித்திருக்கிறேன். தூக்கின் மேல்பகுதியெல்லாம் மங்கிப்போய்க் கருத்திருக்கும். குழம்பு நின்ற மட்டம் வரைக்கும் மட்டும் புதுப் பாத்திரம் போலப் பளிச்சென்று இருக்கும். கோடு போட்டது மாதிரி. நன்றாகத் தேய்க்கிறேன் என்று பெரியம்மா என்னைப் பாராட்டுவார். நான் தேய்த்ததில் அது வரவில்லை என்று வெகு காலம் கழித்துத்தான் புரிந்தது.

அது புளியின் வேலை. அலுமினியத்தின் மேல் இயற்கையாகவே ஒரு மெல்லிய படலம் உண்டு. அதுதான் உலோகத்தைக் காப்பது. புளி, தக்காளி, எலுமிச்சை, மோர் எல்லாம் அந்தப் படலத்தைக் கரைக்கும். பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்குகிறோமே, அதே கதை. காலை ஆறு மணிக்கு ஊற்றிய குழம்பு மதியம் ஒரு மணி வரை, ஏழு மணி நேரம், உள்ளே இருந்து பாத்திரத்தைத் துலக்கிக்கொண்டே இருக்கிறது. துலக்கியது எங்கே போகும்? குழம்புக்குள்தானே?

இதற்காகப் பதற வேண்டாம். அப்படிச் சேரும் அலுமினியத்தில் மிகச் சிறிய பங்கைத்தான் உடம்பு உறிஞ்சுகிறது. அதையும் நல்ல சிறுநீரகம் வெளியேற்றிவிடும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர் இருக்கும் வீட்டில்தான் கூடுதல் கவனம் தேவை. அலுமினியத்தில் சோறு வடிப்பதையோ தண்ணீர் காய்ச்சுவதையோ நான் குறை சொல்லவில்லை. புளிப்பை அதில் ஊற்றி வைத்திருப்பதைத்தான் சொல்கிறேன். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 மே மாதம் வெளியிட்ட உணவு வழிகாட்டியும் இதையே சொல்கிறது: சட்னி, சாம்பார் போன்ற புளிப்புப் பண்டங்களை அலுமினியம், இரும்பு, ஈயம் பூசாத பித்தளை, செம்புப் பாத்திரங்களில் வைத்திருக்காதீர்கள் என்று.

ஆகவே வீட்டில் பாத்திரத்துக்கென்று ஒதுக்கும் பணத்தில் முதல் பங்கு, கொண்டுபோகும் பாத்திரத்துக்கு. நல்ல எவர்சில்வர் தூக்கு, அல்லது அடுக்கு கேரியர். சமைத்த பாத்திரத்தில் சாப்பாடு அரை மணி நேரம்தான் இருக்கிறது. தூக்கில்தான் அரை நாள் கிடக்கிறது. இதை எந்த செட் விளம்பரமும் சொல்லாது.

எவர்சில்வர் என்றதும் எல்லாம் ஒன்று என்று நினைத்துவிடாதீர்கள். கடைகளில் பெரும்பாலும் மூன்று ரகம் புழங்குகிறது. 304 என்பது நல்ல ரகம். அதைத்தான் 18/8 என்றும் போடுவார்கள். குரோமியம் 18 சதவீதம், நிக்கல் 8 சதவீதம். 202 என்பதில் நிக்கலைக் குறைத்து மாங்கனீஸைக் கூட்டியிருப்பார்கள். விலை குறைவு, ஆனால் உப்பு, புளி பட்டுக்கொண்டே இருந்தால் சீக்கிரம் கறை பிடிக்கும். 430-ல் நிக்கல் கிட்டத்தட்டக் கிடையாது.

“காந்தம் வச்சுப் பாருங்க, ஒட்டலைன்னா ஒரிஜினல்” என்று ஒரு பேச்சு ரொம்ப நாளாக உலவுகிறது. அது பாதி உண்மை. 304-ல் காந்தம் ஒட்டாது, சரி. ஆனால் 202-லும் ஒட்டாதே! ஒட்டுவது 430-ல். அதையும் மட்டம் என்று ஒதுக்க முடியாது. இண்டக்‌ஷன் அடுப்பில் சூடேற வேண்டுமானால் பாத்திரத்தின் அடியில் காந்தம் ஒட்டித்தான் ஆக வேண்டும். எனவே காந்தம் பாத்திரத்தின் தரத்தைச் சொல்லாது. உங்கள் அடுப்புக்கு ஆகுமா என்பதை மட்டும் சொல்லும். தரத்துக்கு அடியில் பொறித்திருக்கும் எண்ணைப் பாருங்கள். எண்ணே இல்லையென்றால் கடைக்காரரிடம் வாய் திறந்து கேளுங்கள். “அண்ணாச்சி, இது 304-ஆ, 202-ஆ?” என்று ஒருவர் கேட்டாலே கடையில் பேச்சின் போக்கு மாறிவிடுவதை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

எவர்சில்வரில் ஒரு குறை உண்டு. சூட்டைக் கடத்துவதில் அது அலுமினியத்துக்குப் பக்கத்திலேயே வர முடியாது. பத்து மடங்குக்கும் மேல் மந்தம். தீ படும் இடத்தில் மட்டும் சூடேறும், அங்கே அடிப்பிடிக்கும். பால் காய்ச்சுகிறவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டுமா? அதற்காகத்தான் அடிப்பகுதியில் அலுமினியத் தகடு வைத்த பாத்திரங்கள் வந்தன. இப்போது ‘ட்ரைப்ளை’ என்று விற்பதில், உள்ளே எவர்சில்வர், நடுவில் அலுமினியம், வெளியே காந்தம் ஒட்டும் எவர்சில்வர் என்று மூன்று அடுக்கு, பக்கச்சுவர் வரைக்கும் ஓடும். விலை அதிகம். அதில் முழு செட் வாங்குவது வீண் செலவு என்பது என் கருத்து. குழம்புக்கும் பொரியலுக்கும் சேர்த்து ஒரே ஒரு அகலமான சட்டி வாங்கினால் போதும். ரசம் வைக்கவும் தண்ணீர் சுட வைக்கவும் ட்ரைப்ளை எதற்கு?

சின்னதாக ஒன்று. நம் பக்கம் பல ஊர்களில் உப்புத் தண்ணீர்தான். அதில் மேலும் உப்பைப் போட்டு, பச்சைத் தண்ணீரோடு எவர்சில்வர் பாத்திரத்தை அடுப்பில் ஏற்றினால், அடியில் உட்காரும் உப்புக்கல் பொட்டுப் பொட்டாகக் குழி விழச் செய்யும். தண்ணீர் கொதித்த பிறகு உப்பைப் போட்டுக் கிளறிவிடுங்கள். பாத்திரம் பல வருஷம் கூடுதலாக உழைக்கும்.

அகலம் என்று சொன்னேன் அல்லவா? ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டுவதை ஒரு முறையாவது நின்று பாருங்கள். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற பண்டம் அது. அங்கே உயரமான அண்டாவில் யாரும் கிண்ட மாட்டார்கள். வாயகன்ற பெரிய வாணலி. பாலின் மேற்பரப்பு எவ்வளவு விரிகிறதோ அவ்வளவு வேகமாகத் தண்ணீர் ஆவியாகும். நீண்ட துடுப்புக்கு அடி முழுவதும் எட்டும், ஒரு மூலைகூடப் பிடிக்காது. வற்ற வேண்டியதற்கு அகலப் பாத்திரம். இதையே திருப்பினால், வற்றக் கூடாததற்கு உயரமான, வாய் குறுகிய பாத்திரம். ரசச் சட்டியும் பால் செம்பும் ஏன் அந்த வடிவத்தில் இருக்கின்றன என்று இப்போது தெரிகிறதல்லவா? செட்டில் வரும் மூன்று சாஸ்பேனும் ஒரே வடிவத்தில், பெரிது, நடுத்தரம், சிறிது என்று இருக்கும். நம் சமையலுக்கு வேண்டியது அளவில் வேறுபட்ட மூன்று இல்லை. வடிவத்தில் வேறுபட்ட மூன்று.

இரும்புக்கு வருகிறேன். இரும்புக் கல்லும் இரும்பு வாணலியும் நம் வீடுகளில் மறுபடியும் ஏற வேண்டும் என்பது என் ஆசை. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை. இரும்பு வாணலியில் வதக்கும் கீரையிலும் தக்காளித் தொக்கிலும் கொஞ்சம் இரும்பு சேரத்தான் செய்யும். டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரைக்கு அது ஈடாகாது. ஆனாலும் தினமும் தானாகச் சேர்வதை ஏன் விட வேண்டும்? சமைத்ததும் வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள். இரும்பில் புளிப்பை விட்டுவைத்தால் கறுத்து, துரு வாடை அடிக்கும்.

புது இரும்புக் கல் ஒட்டுகிறது என்று ஒரே வாரத்தில் பரணில் போட்டுவிடுகிறார்கள். கல் ஒட்டவில்லை, பழகவில்லை. என் அம்மா செய்தது இதுதான். கல்லை நன்றாகத் தேய்த்துக் கழுவி, இரண்டு நாள் வடிகஞ்சியில் ஊறப்போட்டார். பிறகு கழுவி, ஈரம் போகச் சூடேற்றி, செக்கு நல்லெண்ணெயை மெலிசாகத் தடவி, புகையும் வரை காய விட்டார். ஆற வைத்து மறுபடியும். நாலைந்து முறை. பாதி வெங்காயத்தை முள்கரண்டியில் குத்தி எண்ணெயில் தோய்த்துத் தேய்த்துக்கொண்டே இருந்தார். முதல் மூன்று தோசை வீணானது. நாலாவது காகிதம் போல எழுந்து வந்தது. எண்ணெய் சூட்டில் இறுகிப் படிந்து தானே ஒரு வழுவழுப்பான படலமாகிவிடுகிறது. சுரண்டிப் போனாலும் மறுபடி ஏற்றிக்கொள்ளலாம். நான்ஸ்டிக் பூச்சை அப்படி ஏற்ற முடியுமா?

நான்ஸ்டிக்கே கூடாது என்று சொல்ல மாட்டேன். எண்ணெய் குறைக்கச் சொன்ன பெரியவர்கள் இருக்கும் வீட்டில் சின்னதாக ஒன்று இருக்கட்டும். வெறும் தவாவைப் பெரிய தீயில் வைத்துவிட்டு மாவு எடுக்கப் போகாதீர்கள். மேலே சொன்ன அதே வழிகாட்டி, 170 டிகிரிக்கு மேல் சூடேறும் நான்ஸ்டிக்கில் நச்சுப் புகை வரக்கூடும் என்று எச்சரிக்கிறது. வெறும் தவா அந்தச் சூட்டை எட்ட நிறைய நேரம் ஆகாது. கீறல் விழுந்தால் யோசிக்காமல் கழித்துவிடுங்கள். நான் கழிக்காமல் விட்டதைச் சொன்னேன் அல்லவா?

மண்சட்டி பற்றி யாருக்கும் சந்தேகம் இருக்காது. மீன்குழம்புக்கு அதற்கு இணை இல்லை. ஆனால் விறகடுப்புக்காகப் பிறந்த உருண்டை அடிச் சட்டி கேஸ் அடுப்பில் ஆடும். தட்டையான அடி உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். வண்ண மெருகு பூசிப் பளபளக்கும் சட்டியைத் தவிர்த்துவிடுங்கள். அந்த மெருகில் காரீயம் கலந்திருக்க வாய்ப்பு உண்டு.

காரீயம் என்றதும் ஒரு முக்கியமான விஷயம். 2025 ஆகஸ்டில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ஒரு எச்சரிக்கை வெளியிட்டது. அலுமினியம், பித்தளை, ‘இண்டாலியம்’ என்று சொல்லும் கலப்பு உலோகம் ஆகியவற்றில் செய்து இறக்குமதியான சில பாத்திரங்களிலிருந்து உணவுக்குள் காரீயம் கசிகிறது என்று. நம் நாட்டில் செய்த பாத்திரமும் அதில் இருந்தது. பழைய உலோகக் கழிவை எல்லாம் உருக்கி வார்க்கும்போது எது எதிலிருந்து வந்தது என்று யாருக்குத் தெரியும்? குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பது காரீயம். பாட்டி காலத்து ஈயச்சொம்பு வேறு; அது வெள்ளீயம். நம்பிக்கையான இடத்தில், சுத்தமான வெள்ளீயம்தான் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் வாங்குங்கள். 232 டிகிரியிலேயே உருகிவிடும் உலோகம் அது. ரசம் ஊற்றாமல் தீயில் வைத்தால் சொம்பே மிஞ்சாது.

நமக்கு இருக்கும் பாதுகாப்பு ஐ.எஸ்.ஐ. முத்திரை. எவர்சில்வர், அலுமினியப் பாத்திரங்களுக்கு அதைக் கட்டாயமாக்கி மத்திய அரசு 2024 மார்ச்சில் உத்தரவிட்டது. எவர்சில்வருக்கு ஐ.எஸ். 14756, அலுமினியத்துக்கு ஐ.எஸ். 1660. பிரஷர் குக்கருக்கு 2021 பிப்ரவரியிலிருந்தே கட்டாயம். அப்படியும் முத்திரை இல்லாத குக்கர்கள் இணையத்தில் விற்பனையாகி, 2022-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அபராதம் போட வேண்டியிருந்தது. குக்கரில் மட்டும் தயவுசெய்து சிக்கனம் பார்க்காதீர்கள். அழுத்தத்தை அடைத்து வைத்தால் என்ன ஆகும் என்று சிவகாசி மக்களுக்கு நான் விளக்க வேண்டுமா? முக்கால் அளவுக்கு நிரப்புவதே தப்பு. மூன்றில் இரண்டு பங்குதான் கணக்கு. நுரைக்கும் பருப்பு வகை என்றால் பாதி. கேஸ்கெட்டும் சேஃப்டி வால்வும் அந்தக் கம்பெனியின் அசல் பொருளாகவே இருக்கட்டும்.

கடைசியாக, பாத்திரச் சீட்டு. மாதா மாதம் கட்டி, தீபாவளிக்குப் பாத்திரமாக எடுக்கும் சீட்டில் நம் பெண்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். வருஷம் முழுக்க வியர்வை சிந்திக் கட்டிய பணம். கடைசி நாளில் கடைக்காரர் கட்டி வைத்திருக்கும் செட்டை எடுத்துக்கொண்டு வந்துவிடாதீர்கள். சீட்டில் சேரும்போதே கேளுங்கள்: அதே மதிப்புக்கு எனக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்ளலாமா, எடைக்கா, பீஸுக்கா, எந்த ரகம் என்று. சேரும் அன்றைக்குக் கேட்டால்தான் பதில் மரியாதையாக வரும்.

அந்தக் கடைக்குத் திரும்பி வருகிறேன். மகள் கொஞ்ச நேரம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். பிறகு அவளே பெட்டியை ஓரமாகத் தள்ளிவிட்டு, மேல் தட்டிலிருந்த தூக்குகளை இறக்கச் சொன்னாள். கவிழ்த்து அடியில் எண்ணைப் பார்த்தாள். அம்மா கையில் வாங்கி, கனம் பார்த்தார். விரலால் சுண்டினார்.

“அண்ணாச்சி, ஒரு செம்பு தண்ணி கொடுங்க.”

குடிக்கக் கேட்கிறார் என்று நினைத்தேன். வாங்கித் தூக்கில் ஊற்றினார். மூடியை அழுத்தி, கொக்கியை மாட்டினார். அவ்வளவு கூட்டத்துக்கு நடுவில், கடை வாசலுக்குப் போய், தூக்கைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆபீஸ் பஸ் குலுக்குகிற மாதிரி இரண்டு குலுக்கும் குலுக்கினார்.

முதல் தூக்கு ஒழுகியது. இரண்டாவதும் ஒழுகியது. மூன்றாவதைத்தான் பெயர் வெட்டக் கொடுத்தார்.

அன்புடன்,
ஆசிரியர்